‘நீங்களே பாத்து சொல்லுங்க டாக்டர்’: ஒரு பக்க அட்டை எதை மாற்றும்?

சாயங்காலம் ஏழு மணி. கூடுவாஞ்சேரியில் ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய கிளினிக் எதை எட்டிப் பார்த்தாலும் இந்த நேரத்தில் காட்சி ஒன்றுதான். வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கும். நாற்காலி எல்லாம் நிறைந்து, நாலு பேர் சுவரோரம் நிற்பார்கள். டோக்கன் 34 வைத்திருப்பவர் ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருப்பார். உள்ளே போனால் இரண்டு, மூன்று நிமிடத்தில் சீட்டோடு வெளியே வந்துவிடுவார்.

அப்படி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 56. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி. எட்டு வருஷமாக சர்க்கரை. இதுவரை மெட்ஃபார்மின் மட்டும்தான். இந்த முறை மூன்று மாத சராசரி 8.6 வந்திருக்கிறது.

“சுகர் ஏறியிருக்குங்க. இன்னொரு மாத்திரை சேத்து எழுதறேன். காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி போடுங்க.”

“நீங்களே பாத்து சொல்லுங்க டாக்டர்.”

அவ்வளவுதான். சீட்டில் கிளிமிபிரைடு. விலை குறைவு, பல வருஷமாகப் புழங்கும் மருந்து, சர்க்கரையை நன்றாகவே இறக்கும். டாக்டர் எழுதியதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் இந்த மனிதருக்குக் காலை என்பது தூங்கப் போகும் நேரம். ஏழு மணிக்கு ரயிலை விட்டு இறங்கி, மாத்திரை போட்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் மதியம் மூன்று மணிக்குத்தான் எழுந்திருப்பார். நடுவில் சாப்பாடு கிடையாது. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், கவனிக்காமல் விட்டால் மயக்கம். தூக்கத்தில் இது வந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது.

நைட் ஷிஃப்ட் விஷயம் டாக்டருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. மாத்திரைக்கும் ஷிஃப்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே இவருக்குத் தெரியாதபோது எதற்காகச் சொல்லப் போகிறார்?

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ‘முடிவுக்கு உதவும் அட்டை’ என்ற ஒன்று சில நாடுகளில் புழக்கத்துக்கு வந்திருக்கிறது.

அட்டையில் என்ன இருக்கும்?

பெரிய சமாச்சாரம் எதுவும் இல்லை. ஒரே ஒரு பக்கம். மேலே வரிசையாகச் சிகிச்சை வழிகள். இடது பக்கம் நோயாளிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள். கட்டங்களுக்குள் ஒன்றிரண்டு வரிப் பதில்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த டாக்டர் கிளின் எல்வின் குழு இந்த வடிவத்தை ‘ஆப்ஷன் கிரிட்’ என்ற பெயரில் உருவாக்கியது. அதற்கு முன்பு முடிவெடுக்க உதவும் கருவி என்றால் வீடியோ, கையேடு என்று நீளமாக இருக்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்து அதையெல்லாம் யார் புரட்டுவது? அதனால்தான் ஒரு பக்கம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் விக்டர் மோன்டோரி குழு சர்க்கரை நோயாளிகளுக்காகச் செய்தது இன்னும் சுவாரஸ்யம். மருந்துக்கு ஒரு அட்டை என்று போடாமல், நோயாளியின் கவலைக்கு ஒரு அட்டை என்று போட்டார்கள். உடல் எடை என்ன ஆகும், சர்க்கரை தாழுமா, தினமும் எப்போது போட வேண்டும், எத்தனை முறை ரத்தம் குத்திப் பார்க்க வேண்டும், பக்கவிளைவு என்ன, சர்க்கரை எவ்வளவு குறையும் என்று தனித்தனி அட்டை. டாக்டர் அவற்றை மேஜையில் பரப்பிவிட்டு, “இதுல எதைப் பத்தி முதல்ல பேசலாம்?” என்று கேட்பார். நோயாளி ஒன்றை எடுப்பார். பேச்சு அங்கிருந்து தொடங்கும்.

நம் செக்யூரிட்டி அண்ணன் ‘எப்போது போட வேண்டும்’ அட்டையை எடுத்திருந்தால்? “சார், காலைல நான் தூங்கிடுவேனே” என்ற ஒரு வரி தானாக வந்திருக்கும். டாக்டருக்கு அந்த ஒரு வரி போதும்.

அந்த வரி வந்த பிறகு பேச நிறைய இருக்கிறது. மெட்ஃபார்மினோடு சேர்க்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கிளிமிபிரைடு மலிவு, வேகம். ஆனால் தாழ்சர்க்கரை ஆபத்து, கொஞ்சம் எடை கூடலாம். சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் போன்ற ‘கிளிப்டின்’ வகையால் எடை பெரிதாக மாறாது, தாழ்சர்க்கரை அரிது, ஆனால் சர்க்கரையை இறக்கும் வேகம் மிதம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற ‘ஃப்ளோசின்’ வகை, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். எடை குறையும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. பதிலுக்கு அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், வாந்தி பேதி வந்தாலோ நீண்ட நேரம் பட்டினி இருந்தாலோ நிறுத்திவைக்க வேண்டும். கேட் பக்கத்தில் கழிப்பறை இல்லாத இடத்தில் ராத்திரி முழுக்க நிற்பவருக்கு இதுவும் ஒரு பிரச்சினைதான். இன்சுலின் எல்லாவற்றையும்விடச் சக்தி வாய்ந்தது, ஆனால் ஊசி.

அப்புறம் விலை. எம்பாகிளிஃப்ளோசின் ஒரு மாத்திரை 60 ரூபாயைத் தொட்டுக்கொண்டிருந்த காலம் உண்டு. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் கம்பெனிகள் வரிசையாக இறங்கின. 10 ரூபாய்க்குக் கீழேயே பிராண்டுகள் வந்துவிட்டன. ‘இது நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று டாக்டரே மனசுக்குள் முடிவு செய்து சொல்லாமல் விட்ட மருந்து இன்று கட்டுப்படியாகலாம். நோயாளியின் பர்ஸைப் பற்றிய யூகம், இருபக்கமும் பேசாமலே எடுக்கப்படும் முடிவுகளில் முக்கியமானது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இது மெனு கார்டு இல்லை. ஒருவருக்கு இதய நோயோ சிறுநீரகப் பாதிப்போ இருந்தால் சில மருந்துகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. அந்த இடத்தில் டாக்டர் “இதுதான் உங்களுக்கு நல்லது” என்று அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். மாரடைப்போடு வந்தவரிடம் அட்டை நீட்டுவதும் நடக்காத காரியம். ஒன்றுக்கு மேல் நியாயமான வழி இருக்கிற, அவசரம் இல்லாத முடிவுகளுக்குத்தான் அட்டை. வெளிநோயாளிப் பிரிவில் எடுக்கப்படும் முடிவுகளில் இந்த வகை நிறையவே உண்டு.

நிஜமாகவே வேலை செய்கிறதா?

இதைப் பற்றி ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. மருத்துவ ஆய்வுகளைச் சலித்துத் தொகுக்கும் ‘காக்ரேன்’ அமைப்பு 2024-ல் வெளியிட்ட தொகுப்பில் 209 ஆய்வுகள், ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர். முடிவுக்கு உதவும் கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் வழிகளைக் கூடுதலாக அறிந்திருந்தார்கள், ஆபத்தின் அளவைச் சரியாகக் கணித்தார்கள், தங்களுக்கு எது முக்கியமோ அதற்குப் பொருந்துகிற முடிவை எடுத்தார்கள்.

ஆனால் நோய் குறைந்ததா? மேயோவின் சர்க்கரை அட்டைகளை வைத்து நடந்து 2009-ல் வெளியான ஆய்வு சிறியது, 85 பேர்தான். அட்டை பார்த்தவர்களுக்கு விஷயம் நன்றாகப் புரிந்தது, பேச்சில் அதிகம் கலந்துகொண்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அட்டை கொடுத்தால் சுகர் இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அட்டை செய்வது வேறு வேலை. ஒரே அளவு சர்க்கரைக்குப் போகும் இரண்டு பாதைகளில், தன் ஷிஃப்டுக்கும் சம்பளத்துக்கும் ஒத்துவரும் பாதையில் ஒருவர் போக முடிகிறது.

எல்லா டாக்டர்களும் முதலில் கேட்கும் கேள்வி நேரம். “ஓபில நூறு பேர் நிக்கறாங்க, இதுல அட்டையா?” என்ற எரிச்சல் நியாயமானதே. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் ‘பிஎம்ஜே ஓபன்’ இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் ஆரம்ப நிலை மருத்துவரோடு நோயாளி செலவிடும் நேரம் சுமார் இரண்டு நிமிடம். ஸ்வீடனில் அது 22 நிமிடத்துக்கும் மேல்.

இப்போது காக்ரேன் தொகுப்பில் இருக்கும் இன்னொரு கணக்கைப் பார்ப்போம். கருவியை டாக்டர் முன்னால் வைத்துப் பயன்படுத்தினால் சந்திப்பு சராசரியாக ஒன்றரை நிமிடம் நீள்கிறது. ஸ்வீடனில் ஒன்றரை நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. கூடுவாஞ்சேரியில் அது கிட்டத்தட்ட இரட்டிப்பு. டோக்கன் 34-க்குப் பின்னால் இருக்கிற 20 பேரில் கடைசி ஆள் குறைந்தது அரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

அதே தொகுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கருவியைப் பயன்படுத்தினால், சந்திப்பு நேரம் குறிப்பிடும்படி கூடவில்லை.

நம் ஊருக்கான விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. டாக்டரின் நேரம் இங்கே இரண்டு நிமிடம். ஆனால் நோயாளி காத்திருக்கும் நேரம் ஒரு மணி. டிவியில் சீரியலும் செல்போனில் ரீல்ஸும் ஓடும் அந்த ஒரு மணி நேரம்தான் அட்டைக்கான இடம். டோக்கன் கொடுக்கும்போதே, பிபி பார்க்கும் சிஸ்டர் கையாலேயே அட்டையும் போகலாம். “இதைப் படிச்சுப் பாருங்க, உங்களுக்கு எது கவலையோ அதுல டிக் போட்டுக்கிட்டு உள்ள போங்க” என்று ஒரு வார்த்தை. டாக்டர் டிக்கைப் பார்த்தாலே எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு? 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே பெண் தன்னார்வலர்கள் மாத்திரையோடு போகிறார்கள். அவர்கள் அந்தத் தெருக்காரர்கள். யார் நைட் ஷிஃப்ட், யார் வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு, யார் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார்கள் என்பது டாக்டரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அட்டையை வாய்விட்டுப் படித்துக் காட்ட அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைப்பது கஷ்டம். அவர்கள் மேல் ஏற்கெனவே வேலைச் சுமை இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சும்மா கூடுதல் வேலையாகத் திணித்தால் அட்டை பையிலேயே கிடக்கும்.

‘பாதியா குறையும்’ என்றால் எவ்வளவு?

அட்டையில் எண்களை எழுதும் விதம் தனிக் கலை. “இந்த மாத்திரை ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்” என்றால் யாரும் உடனே வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். ஒரு உதாரணத்துக்கு, மாத்திரை போடாத 100 பேரில் 4 பேருக்கு வரும் ஒரு நோய், போட்டால் 2 பேருக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் ‘பாதி’தான். ஆனால் 100 பேரில் 96 பேருக்கு மாத்திரை இல்லாமலே வரப்போவதில்லை, 2 பேருக்கு மாத்திரை போட்டும் வரும். இரண்டும் ஒரே கணக்கு. கேட்கும்போது மனசில் விழுவது வேறு வேறு. அதனால் நல்ல அட்டைகள் சதவீதத்தை விட்டுவிட்டு ‘100 பேரில் இத்தனை பேர்’ என்று, முடிந்தால் நூறு சின்ன பொம்மைகளை வரைந்து, நிறம் தீட்டிக் காட்டும்.

இந்த எண்களுக்கு ரொம்பவும் ஏங்குகிற ஒரு முடிவு, இளம் தம்பதிகளுக்குப் பரிச்சயமானது. முதல் குழந்தை சிசேரியன், இரண்டாவது எப்படி?

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவீதம். ஆக, இந்தக் கேள்வியோடு இரண்டாவது கர்ப்பத்துக்குள் நுழையும் பெண்கள் மிக அதிகம். ‘ஒருமுறை சிசேரியன்னா எப்பவும் சிசேரியன்தான்’ என்று பக்கத்து வீட்டு அக்கா முதல் மாமியார் வரை சொல்வார்கள். பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பின் 2015 வழிகாட்டுதல் சொல்வது வேறு. முன்பு ஒரே ஒரு சிசேரியன் ஆகி, வேறு சிக்கல் இல்லாத பெண்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால் 100-ல் 72 முதல் 75 பேருக்கு அது நடக்கிறது. 200 பேரில் சுமார் ஒருவருக்குப் பழைய தையல் இருந்த இடத்தில் கர்ப்பப்பை கிழியலாம். அது தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து. ஆகவே உடனடியாக ஆபரேஷன் செய்ய வசதியுள்ள இடத்தில்தான் முயல வேண்டும். இன்னொரு பக்கம், சிசேரியன் எண்ணிக்கை கூடக்கூட அடுத்தடுத்த கர்ப்பங்களில் நச்சுக்கொடி கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் ஏறுகிறது.

200-ல் ஒருவர் என்பது ஒரு பெண்ணுக்குச் சின்ன எண், இன்னொரு பெண்ணுக்குத் தாங்க முடியாத எண். மூன்றாவது குழந்தை வேண்டும் என்பவருக்கும் இதோடு போதும் என்பவருக்கும் கணக்கு மாறும். இதை வெளியில் இருந்து யாரும் தீர்த்துவைக்க முடியாது. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 742 பெண்களிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், இதற்கான கணினிக் கருவிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு முடிவெடுப்பதில் இருந்த தத்தளிப்பு குறைந்தது.

கையெழுத்து யாருடையது?

நம் ஊரில் நோயாளி என்பவர் ஒற்றை ஆள் இல்லை. “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்பதில் எந்தத் தவறும் இல்லை. ஒரு பக்க அட்டைக்கு இதில் தனி வசதி உண்டு. போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பெங்களூரில் இருக்கும் மகனும் அதே கட்டங்களைப் பார்த்துப் பேசலாம். சிக்கல் என்னவென்றால், மகன் பேசி, மருமகள் கூகுள் செய்து, மாத்திரை போடப்போகிற அப்பாவை யாருமே கேட்காமல் முடிவு வந்துவிடும்.

குடும்பத்தினர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் சமீரா கோலி வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெல்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், என்ன பிரச்சினை என்று கண்டறியும் லேப்ராஸ்கோபிக்குத்தான் சம்மதித்தார். மயக்கத்தில் இருக்கும்போது, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. அவர் சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்த பெண், உயிருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை. அப்படியிருக்கத் தாயின் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16-ல் தீர்ப்பளித்தது. சிகிச்சைக்கு முன் என்னென்ன சொல்ல வேண்டும் என்பதையும் அந்தத் தீர்ப்பே பட்டியலிடுகிறது. அது எப்படிப்பட்ட சிகிச்சை, அதனால் என்ன பலன், மாற்று வழிகள் உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, வேண்டாம் என்றால் என்ன ஆகும். ஒரு பக்க அட்டையின் கட்டங்களும் ஏறக்குறைய இவைதான்.

கடைசிக் கேள்வியான ‘வேண்டாம் என்றால் என்ன ஆகும்’ என்பதைத்தான் நாம் கேட்பதே இல்லை. நடக்கும்போது மட்டும் நெஞ்சு வலிக்கும், ஓய்வெடுத்தால் நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவரிடம் “ஸ்டென்ட் வைக்கலாம்” என்றால் வீடே பதறும். 37 நாடுகளில் 5,179 பேரிடம் நடந்து 2020-ல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வில், இப்படி நிலையாக இருக்கும் நோயாளிகளில் முதலிலேயே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், முதலில் மருந்தோடு தொடர்ந்தவர்களுக்கும் இறப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வலி அதிகம் இருந்தவர்களுக்கு முதல் வழி நல்ல நிவாரணம் தந்தது. ‘வலி குறையுமா’, ‘ஆயுள் கூடுமா’ இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்று தெரிந்தாலே பதற்றம் பாதி அடங்கும். இது மாரடைப்பு வந்தவர்களுக்குப் பொருந்தாது.

அட்டை வரும்வரை

கூடுவாஞ்சேரி கிளினிக்கில் நாளைக்கே தமிழ் அட்டை கிடைக்கப் போவதில்லை. அதுவரை மூன்று கேள்விகள் கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றில், நோயாளிபோல நடிக்கத் தெரிந்தவர்களை டாக்டர்களிடம் அனுப்பி மூன்றே கேள்விகளைக் கேட்க வைத்தார்கள். டாக்டர்கள் கூடுதல் தகவல் சொன்னார்கள். நம் பேச்சில் அவை இப்படி இருக்கும்: “இதுக்கு வேற என்ன வழியெல்லாம் இருக்கு டாக்டர்?” “ஒவ்வொண்ணுலயும் நல்லது என்ன, கெட்டது என்ன?” “எனக்கு அப்படி நடக்க எவ்ளோ வாய்ப்பு இருக்கு?”

இதைக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம்தான் பலருக்கு. “உங்க மேல நம்பிக்கை இருக்கு சார், எனக்குப் புரியணும்னு கேக்கறேன்” என்று தொடங்கினால் பெரும்பாலும் சிக்கல் வராது. கேள்விகளை போனில் டைப் செய்துகொண்டு போகலாம். அப்பாவோடு போகிற மகனோ மகளோ இருந்தால், முதல் கேள்வியை அப்பாவே கேட்கட்டும்.

எழுதிய மாத்திரையை நீங்களாக நிறுத்துவதோ மாற்றுவதோ கூடாது. தாழ்சர்க்கரை அறிகுறி இருந்தால் உடனே ஏதாவது இனிப்பாகக் குடித்துவிட்டு, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எல்லாம் கேட்டு, எல்லாக் கட்டத்தையும் பார்த்துவிட்டு, “எனக்குக் குழப்பமா இருக்கு, நீங்களே சொல்லுங்க டாக்டர்” என்று ஒருவர் சொன்னால் அதுவும் சரிதான். அப்போது டாக்டர் சொல்ல வேண்டியதுதான். ஆனால் அதற்குள் நைட் ஷிஃப்ட் விஷயம் அவர் காதுக்குப் போயிருக்கும்.